பல் கொட்டும் கனவு அடிக்கடி வந்தால்

நாக்கு நுனி தற்செயலாகப் பட்டதும் ஒரு பல் ஆடுகிறது. அமுக்கிப் பிடிக்கலாமென்று விரலை வைத்தால், பக்கத்துப் பல்லையும் இழுத்துக்கொண்டு கையோடு வந்துவிடுகிறது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால் ஊறவைத்த அரிசி மாதிரி ஐந்தாறு பற்கள். ரத்தம் இருக்காது, வலியும் பெரும்பாலும் இருக்காது. யாரையாவது கூப்பிடலாமென்று வாயைத் திறந்தால் வாய் நிறையப் பல், வார்த்தை வராது. அந்த இடத்தில்தான் விழிப்பு தட்டும். விழித்ததும் நாக்கு முதல் வேலையாக மேல்வரிசையை ஒரு தடவை, கீழ்வரிசையை ஒரு தடவை தடவி எண்ணிப் பார்க்கும். எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

யாங்கோனிலோ பகோவிலோ மோல்மீன் பக்கத்திலோ ஒரு தமிழ் வீட்டில் காலையில் இந்தக் கனவைச் சொன்னால், கேட்கிறவர் முகம் மாறிவிடும். பல் விழக் கண்டால் உறவில் ஒரு சாவு என்பது பழைய நம்பிக்கை. "மேல் பல்லா, கீழ்ப் பல்லா?" என்பது முதல் கேள்வி. "ரத்தம் வந்துச்சா?" அடுத்தது. அதற்குள் யாராவது போனைக் கையில் எடுத்திருப்பார்கள். பர்மாவில் இந்தப் பதற்றம் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பதற்குக் காரணம் உண்டு. 1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் நாட்டுடைமையான பிறகு பெருங்கூட்டம் கப்பலேறிப் போனது. குடும்பத்தில் பாதி இங்கே தங்கியது, மீதி திருச்சியிலோ சென்னை வியாசர்பாடியிலோ போய் இறங்கியது. அப்படிப் பிரிந்த வீடுகளில், தூரத்தில் இருக்கும் வயதானவர்களின் பெயர்கள்தான் பல் கனவோடு முதலில் நினைவுக்கு வரும்.

தொலைவில் இருக்கும் உறவை விசாரிப்பதில் தப்பே இல்லை. ஆனால் இந்தக் கனவு திரும்பத் திரும்ப வருகிறதென்றால், உறவைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஓர் ஆள் அருகிலேயே இருக்கிறார். அவர் பெயர் தாடை.

பழைய கணக்குகள்

பல்லை உறவாகப் பார்ப்பது தமிழருக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவுப் பலன் எழுதிய ஆர்ட்டெமிடோரஸ், வாயை வீடாகவும் பற்களை வீட்டிலிருக்கும் மனிதர்களாகவும் கொண்டார். மேல்வரிசை பெரியவர்கள், கீழ்வரிசை அவர்களுக்குக் கீழிருப்பவர்கள். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். கடன்பட்டவனுக்குப் பல் விழுந்தால் கடன் அடையும் என்றும் அவர் சொன்னார். ஒரே கனவுக்கு ஆளைப் பொறுத்துப் பலன் மாறும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். நம் வீடுகளில் சொல்லப்படும் "மேல்வரிசை அப்பா வழி, கீழ்வரிசை அம்மா வழி" கணக்கு வீட்டுக்கு வீடு தலைகீழாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

தமிழ் மரபில் இன்னொரு கணக்கு, சாமக் கணக்கு. முதல் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், மூன்றாம் சாமத்துக் கனவு மூன்று மாதத்தில், விடியற்காலைக் கனவு பத்து நாளில் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடுவில் உள்ள எண்கள் ஊருக்கு ஊர் கூடும், குறையும். "விடிகாலைக் கனவு பலிக்கும்" என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. இதற்குள் ஓர் உண்மையான கவனிப்பு ஒளிந்திருக்கிறது. தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கண்மணிகள் வேகமாக உருளும் ரெம் தூக்கம் வரும். முன்னிரவில் அது சில நிமிடம்தான், விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் வரும் கனவு நீளமானது, கதைபோலக் கோர்வையானது. அதிலிருந்து நேராக விழித்துவிடுவதால் நினைவிலும் நிற்கும். முதல் சாமத்துக் கனவு பலித்ததா பலிக்கவில்லையா என்று சரிபார்க்க ஆளே கிடையாது, ஏனென்றால் அது காலையில் நினைவிலேயே இருப்பதில்லை.

பர்மாவில் இன்னொரு நூலையும் சொல்ல வேண்டும். மிலிந்தனின் கேள்விகள் என்ற பாலி நூலைப் பர்மியப் பௌத்தர்கள் தங்கள் மறைநூல் தொகுப்பான திரிபிடகத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். கனவு ஏன் வருகிறது என்று மன்னன் மிலிந்தன் கேட்க, நாகசேனர் என்ற துறவி ஆறு வழி சொல்கிறார்: வாதம், பித்தம், கபம் மிகுந்தவன் காண்பது, தேவதை காட்டுவது, பழக்கத்தால் வருவது, நடக்கப்போவதை முன்கூட்டி அறிவிப்பது. கடைசி ஒன்றுதான் மெய், மற்ற ஐந்தும் அப்படியல்ல என்று முடிக்கிறார். உடம்பின் கோளாறுக்கே முதல் மூன்று இடங்களைக் கொடுத்துவிட்டார் என்பதைக் கவனிக்கலாம்.

யாங்கோன் தெருக்களில் கனவுக்கு ஏழாவது வழியும் உண்டு, அது எண். தாய்லாந்துப் பங்குச்சந்தையின் எண்களை வைத்து மதியமும் மாலையும் ஓடும் இரண்டு இலக்கச் சூதாட்டத்துக்குக் கனவில் கண்டதையெல்லாம் எண்ணாக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பல் என்றால் 32 என்று தோன்றுவதற்குப் பெரிய மூளை வேண்டாம். காசு போனபின் "அது கனவில் நாலு பல்தானே விழுந்தது" என்று சமாதானம் சொல்லவும் வேண்டாம்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட் இந்தக் கனவைப் பாலுணர்வோடு முடிச்சுப் போட்டார், அவருக்குப் பின் வந்தவர்கள் பிரசவம், முதுமை, பேச்சிழப்பு என்று வேறு வேறு திசையில் இழுத்தார்கள். எதையும் நிரூபிக்க வழியில்லாததால் எல்லாமே நிலைத்துவிட்டன.

ஆய்வு சொன்னது

இஸ்ரேலைச் சேர்ந்த நாமா ரோசன், நிரித் சோஃபர்-டுடெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு கேள்வியை நேராகக் கேட்டார்கள். பல் கனவு மனக்கலக்கத்தோடு போகிறதா, வாயோடு போகிறதா? 210 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். காலையில் எழும்போது பல், ஈறு, தாடையில் இறுக்கம் இருப்பதாகச் சொன்னவர்களுக்குத்தான் பல் கனவும் கூடுதலாக இருந்தது. மனக்கலக்க அளவோடு பல் கனவுக்குத் தொடர்பு தெரியவில்லை. அதே ஆட்களின் வேறு வகைக் கனவுகள் இதற்கு நேர்மாறு: மனக்கலக்கத்தோடு போயின, தாடையோடு போகவில்லை.

இந்த முடிவைத் தேவைக்கு மேல் ஊதிப் பெருக்கக் கூடாது. ஒரே சமயத்தில் கேட்ட கேள்விகள், அவரவர் வாயால் சொன்ன பதில்கள், தொடர்பும் பலமானதல்ல. எது முன்னால், எது பின்னால் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனாலும் கையிலிருக்கும் விளக்கங்களில் சோதித்துப் பார்க்கக்கூடியது இது ஒன்றுதான். நாளைக் காலையே உங்கள் தாடையில் சோதிக்கலாம்.

வாயில் நடப்பது கனவுக்குள் எப்படிப் போகிறது? பல்லின் வேர் எலும்பில் நேராகப் பதிந்திருப்பதில்லை. இடையில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. பல் அதில் தொங்குகிறது என்றே சொல்லலாம். அந்த நார்ப்பட்டை நிறைய உணர்வு நரம்புகள் கொண்டது. சோற்றில் ஒரு மணல் துகள் இருந்தால் உடனே தெரிவது அதனால்தான். மூளையின் உணர்வுப் பரப்பிலும் உதடு, நாக்கு, தாடைக்கு உடம்பில் அவை பிடிக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய பங்கு. இரவெல்லாம் பல்லை இறுக்கினால் அந்த நார்ப்பட்டை நசுங்கி வீங்கும். பல் ஒரு மயிரிழை உயர்ந்து நிற்பதுபோல, லேசாக ஆடுவதுபோல உணர்வு வரும். தூங்குகிற மூளைக்கு அந்தச் சேதி போனால் அது ஒரு படமாக்கித்தானே ஆக வேண்டும்? அதற்கான படம் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் 20 பால்பல்லும் ஆடி, நாக்கால் நெம்பி, கையில் விழுந்து, சாணியில் பொதித்துக் கூரைமேல் எறியப்பட்டவைதான்.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தூக்கத்தில் பல் கடிப்பது பெரும்பாலும் ரெம் தூக்கத்தில் நடப்பதில்லை, அதற்கு முந்தைய லேசான தூக்கத்தில்தான் நடக்கிறது. வினாடிக்கு ஒரு முறை என்ற தாளத்தில் தாடைத் தசை இழுக்கும். அதற்குச் சற்று முன்பு இதயம் வேகமெடுத்து, தூக்கம் அரைகுறையாகக் கலைந்திருக்கும். ஆகவே பல் நறநறக்கும் அதே நொடியில் பல் கனவு ஓடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. முன்னிரவில் கடித்த கடியின் வலியும் இறுக்கமும் மிச்சமிருந்து பின்னிரவுக் கனவில் தலைகாட்டுகிறது என்பதே பொருத்தமான ஊகம். பெரியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் தூக்கத்தில் பல் கடிப்பவர்கள். அவர்களில் பலருக்கும் அது தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

இங்கே வாய்க்கு என்ன வேலை

பர்மாவில் தாடை ஓய்வெடுப்பது குறைவு. கூன்யா கடையில் நின்று கவனித்தால் தெரியும்: வெற்றிலையை விரித்து, குச்சியால் சுண்ணாம்பைப் பூசி, சீவிய பாக்கு, ஏலம், கிராம்பு, சோம்பு, கேட்டால் புகையிலையும் வைத்து மடித்து, சின்ன பிளாஸ்டிக் பையில் நாலைந்தாகப் போட்டுத் தருவார்கள். ஒன்று முடியும்போது அடுத்தது வாயில் போகும். பாக்கு கடினமானது. மணிக்கணக்கில் அதை மென்றால் கடைவாய்ப் பற்களின் முகடு தேய்ந்து தட்டையாகும், கன்னத்தின் மெல்லும் தசை தடிக்கும். பாக்கிலுள்ள அரெகோலின் என்ற பொருள் உடம்பைச் சுறுசுறுப்பாக்கும். புகையிலையும் அப்படியே. புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் தூக்கத்தில் பல் கடிப்பது கூடுதல். இரவு கடைசிக் கூன்யாவைத் துப்பாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தூங்கிப் போகிறவர்களும் உண்டு. வாய்க்குள் ஏதோ இருக்கிறது, துப்பத் துப்ப வந்துகொண்டே இருக்கிறது என்ற கனவுக்கு அவர்கள் வேறெங்கும் பலன் தேட வேண்டியதில்லை.

அடுத்தது தேயிலை. கெட்டிப்பால் போட்ட டீயின் கணக்கு எல்லோருக்கும் தெரியும், அதை இரண்டு, மூன்று என்று எண்ணிவிடுவார்கள். எண்ணாமல் விடுவது லபெத்தை. புளிக்கவைத்த தேயிலையை வறுத்த பருப்பு, எள், பூண்டோடு பிசைந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு தட்டு சாப்பிடுவது தேயிலையைத் தின்பதேதான். பரீட்சைக்கு முந்தைய இரவு மாணவர்கள் விழித்திருக்கச் சாப்பிடுவதும் அதையே. காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணிநேரம் ஆகும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட லபெத்தின் காஃபீனில் பாதி, இரவு இரண்டு மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதோடு மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றதும் விழிப்பு, கரண்டு வந்ததும் மறுபடி விழிப்பு. தூக்கம் துண்டு துண்டாக உடையும் ஒவ்வோர் இடத்திலும் தாடை இறுகவும் வாய்ப்பு, ஓடிக்கொண்டிருந்த கனவு நினைவில் தங்கவும் வாய்ப்பு. கனவு அதிகமாக வருவதாகச் சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் அதிகமாவது விழிப்புத்தான். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பின் மாந்தலே, சகாயிங் பக்கம் வீதியிலும் திடலிலும் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துகளையும் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் பல் கடிப்பதைத் தூண்டும், கனவையும் தெளிவாக்கும். மெஃப்ளோகுயின் என்ற மலேரியா மருந்து பயங்கரக் கனவுகளுக்குப் பேர்போனது. கனவு தொடங்கிய தேதியும் மருந்து தொடங்கிய தேதியும் அருகருகே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு

தாடை மட்டும்தான் காரணம், மனதுக்கு வேலையே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இறுக்கம் தாடையில் இருக்கலாம். அதற்குக் கனவு உடுத்திவிடும் சேலை மொழியிலிருந்து வருகிறது. தமிழில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறோம். கோபத்தில் நறநறவென்று கடிக்கிறோம். கை நீட்ட வேண்டியவனிடம் பல்லைக் காட்டுகிறோம். வேலை கெட்டுப்போனால் அது பல்லிளிக்கிறது. அதிகாரம் போனவன் பல் பிடுங்கிய பாம்பு. பல் போனால் சொல் போச்சு. பொறுமை, கோபம், கெஞ்சல், அவமானம், அதிகாரம், பேச்சு என்று ஆறு விஷயங்களை ஒரே பல்லின்மேல் ஏற்றி வைத்திருக்கிற மொழியில் கனவு காண்கிறவருக்கு, பல் விழும் காட்சி வெறும் பல்லோடு நிற்காது.

ஆகவே பொருள் தேட ஆசைப்பட்டால், கனவில் எத்தனை பல் என்பதைவிட, எந்தப் பல் என்பதைவிட, அந்த நேரத்தில் யார் முன்னால் நின்றிருந்தீர்கள், என்ன சொல்ல வாயெடுத்தீர்கள் என்று பாருங்கள். கடை முதலாளி முன்னால் பல் கொட்டியதா, சம்பந்தி வீட்டுப் பந்தியிலா, பரீட்சை மேசையிலா? பகலில் அந்த ஆளிடம் வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்பது பயனுள்ள கேள்வி. அதற்குப் பதிலை நீங்கள்தான் சொல்ல முடியும், பஞ்சாங்கம் சொல்லாது. பகலில் கடிப்பது அசல் கடிப்பாகவும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஓய்வில் இருக்கும் வாயில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் தொடக் கூடாது, நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருந்தனவா?

காலைப் பரிசோதனை

எழுந்ததும், பேசுவதற்கு முன், பல் விளக்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. இரண்டு உள்ளங்கைகளையும் கன்னத்தில், காதுக்கு முன்னால் தாடையின் மூலை திரும்பும் இடத்தில் வையுங்கள். ஒருமுறை பல்லை அழுத்திக் கடித்து விடுங்கள். கைக்கடியில் கட்டியாக எழும்புவதுதான் மெல்லும் தசை. கடிக்காதபோதும் அது தொட்டால் வலிக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கல்லாக இருக்கிறதா? அப்படியே விரல்களை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்துங்கள். அங்கே மந்தமான வலி இருந்து, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் தானாகக் குறைந்தால் இரவில் கடித்திருக்க நல்ல வாய்ப்பு. பிறகு கண்ணாடி. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த அலை அலையான தடம், கன்னத்தின் உட்புறம் பற்கள் சேரும் மட்டத்தில் வெள்ளைக் கோடு, கூராக இருக்க வேண்டிய கோரைப்பல் நுனி தட்டையாகியிருப்பது ஆகிய மூன்றையும் தேடுங்கள். கடைசியாக, உங்கள் கையின் நடு மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழைய வேண்டும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, படுத்த நேரம், கடைசி டீ அல்லது லபெத் எத்தனை மணிக்கு, கடைசி வெற்றிலை எத்தனை மணிக்கு, எத்தனை தடவை விழிப்பு, காலையில் தாடை இறுக்கம் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, கனவு என்ன. நாளைக்கு ஒரு வரி போதும்.

பெரும்பாலோர் இதைக் கெடுத்துக்கொள்வது ஒரே மாதிரிதான். பல் கனவு வந்த நாளில் மட்டும் எழுதுவார்கள். அப்படி எழுதினால் அந்த ஐந்து நாளிலும் தாடை இறுகியிருந்தது தெரியும், கனவு வராத ஒன்பது நாளிலும் அதே அளவு இறுகியிருந்ததா என்பது தெரியாது. ஒப்பிட எதுவும் இல்லாத நோட்டு வெறும் டைரி. இரண்டாவது தப்பு வரிசையில். கனவை முதலில் எழுதிவிட்டுத் தாடையைப் பார்த்தால், பயந்த மனம் இறுக்கத்துக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடும். தாடை முதலில், கனவு பிறகு. மூன்றாவது, மத்தியானம் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதுவது. கனவு காலை டீக்குள் பாதி கரைந்துவிடும், மீதியை நாமே நிரப்பிவிடுவோம்.

இரண்டு வாரம் கழித்துப் பல் கனவு நாட்களின் இறுக்க எண்ணையும் மற்ற நாட்களின் எண்ணையும் தனித்தனியே கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் உங்கள் விஷயத்தில் தாடைக்குப் பொறுப்பில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

தாடைதான் என்று தெரிந்தால்

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி. 'ன' என்று சொல்லுங்கள். நாக்கு நுனி மேல்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் போய் நிற்கும். ஒலியை நிறுத்திவிட்டு நாக்கை மட்டும் அங்கேயே விடுங்கள். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் பிரிந்திருக்கட்டும். இதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை. நாக்கு அங்கே இருக்கும்வரை பல்லை இறுக்குவது சிரமம். பகலில் நினைவு வரும்போதெல்லாம் செய்ய வேண்டும். நினைவு வருவதற்கு ஏதாவது ஓர் அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது: போன் அடிக்கும்போது, பஸ் நிற்கும்போது, தராசில் எடை போடும்போது. படுக்கும் முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரு கன்னத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். டீயும் லபெத்தும் பிற்பகல் மூன்று மணியோடு நிற்கட்டும். மதுவும் பல் கடிப்பதைக் கூட்டும், தூக்கம் வரும் என்று நம்பி இரவில் குடிப்பது எதிர்ப்பலன் தரும்.

பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்து தரும் நைட் கார்டு, அதாவது இரவில் பல்வரிசையில் மாட்டும் உறை, பல்லைத் தேயாமல் காக்கும். கடிப்பதை நிறுத்தும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அச்செடுக்காமல் வாங்கிப் போடும் மெத்தென்ற ரகத்தைச் சிலர் மிட்டாய் மாதிரி மென்று இன்னும் அதிகமாகக் கடிக்கிறார்கள். கொதிநீரில் கழுவக் கூடாது, வளைந்துவிடும். பச்சைத்தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். பல்செட் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். பல்செட்டோடு தூங்கி, பல் கழன்று தொண்டைக்குள் போவதாகக் கனவு காண்பவருக்கு வைத்தியம் அவ்வளவே.

கனவே தொந்தரவாகி, படுக்கப் பயம் வந்துவிட்டால் வேறொரு முறை இருக்கிறது. கெட்ட கனவுகளுக்கு உளவியலாளர்கள் பயன்படுத்துவது. பகலில் கனவைத் தாளில் எழுதுங்கள். பல் ஆடும் இடத்துக்கு வந்ததும் கதையை நீங்கள் விரும்பியபடி மாற்றுங்கள்: விழுந்த இடத்தில் புதுப்பல் முளைக்கலாம், துப்பியது பல்லுக்குப் பதில் மல்லிகைமொட்டாக இருக்கலாம், எது வேண்டுமானாலும். பழைய கதையைத் தள்ளிவிட்டுப் புதிய கதையை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். சில வாரம் பிடிக்கும். பலர் இரண்டு நாளில் கைவிடுவதும், படுக்கையில் படுத்துக்கொண்டு பழைய கதையையே ஓட்டுவதும்தான் இது தோற்கும் வழிகள்.

மேலே சொன்ன மூன்று விரல் நுழையவில்லை என்றால் கனவை விடுங்கள், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வெற்றிலை பாக்குப் பழக்கத்தில் வாயின் உட்சவ்வு நாராகி இறுகும் நோய்க்கு அது ஓர் அடையாளம். காரம் பட்டால் எரிச்சல், கன்னம் வெளுத்துப் பலகை மாதிரி ஆவது, பிறகு வாய் திறக்காமை. பாக்கு, புகையிலை சேர்ந்த வெற்றிலை, புகையிலை சேராத வெற்றிலை ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று வகைப்படுத்தியது. புகையிலை இல்லாமல் போடுகிறேன் என்ற சமாதானம் செல்லாது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழித்திருக்கும்போதே நிஜமாக ஆடும் பல் எல்லாம் இதே வரிசை. கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிவதும் கனவு தெளிவாக வருவதும் ஒரே மாதங்களில் சேர்ந்து வரும். அதற்கும் பல் மருத்துவரிடம் போகலாம், கர்ப்பம் தடையில்லை.

அந்தப் பத்து நாள்

"ஆனா எங்க வீட்டுல பலிச்சுதே" என்பவரிடம் வாதாடுவதைவிடக் கணக்குப் போடுவது எளிது. மாமன், மச்சான், சித்தப்பா, பெரியம்மா, பங்காளி, ஊர்க்காரர், பழைய முதலாளி என்று இறந்தால் நமக்குச் சேதி வரக்கூடியவர்கள் 150 பேர் என்று வையுங்கள். ஆண்டுக்கு ஆயிரத்தில் எட்டுப் பேர் இறப்பதாகக் கொண்டால், இந்த 150 பேரில் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேல் வருகிறது, சரியாக 1.2. முதல் சாமத்துக் கனவுக்குக் கொடுத்த ஓராண்டுத் தவணைக்குள் குறைந்தது ஒரு சாவுச் சேதியாவது வர நூற்றுக்கு எழுபது வாய்ப்பு, கனவு வந்தாலும் வராவிட்டாலும். மூன்று மாதத் தவணைக்கு நூற்றுக்கு இருபத்தாறு. விடிகாலைக் கனவின் பத்து நாளுக்கு மூன்று. மூன்று குறைவுதான், ஆனால் மாதம் ஒரு பல் கனவு காண்கிறவருக்கு நான்கு ஆண்டில் ஐம்பது தடவை அந்தப் பத்து நாள் ஓடியிருக்கும். அதில் ஒன்றிரண்டு பலிக்கவே வாய்ப்பு அதிகம். பலித்த ஒன்றைக் குடும்பமே பேரன் காலம்வரை சொல்லும். பலிக்காத நாற்பத்தெட்டையும் யாரும் நோட்டில் எழுதவில்லை.

காளி கோயிலில் ஒரு எலுமிச்சை விளக்கு ஏற்றுவதாலும், கனவை ஓடுகிற தண்ணீரிடம் சொல்லி விடுவதாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பயம் இறங்கினால் தாடையும் கொஞ்சம் இறங்கும். போனில் மட்டும் கவனம் தேவை. யாங்கோனில் பதறி எழுந்து பார்க்கும்போது மணி ஐந்து என்றால் திருச்சியில் நான்கு. அந்த நேரத்தில் பர்மாவிலிருந்து போன் அடித்தால், எடுக்கிற பாட்டிக்கு நெஞ்சு படபடக்கும். வாயைக் கொப்பளித்து, தாடையைத் தொட்டுப் பார்த்து, நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். இங்கே ஏழரை ஆகட்டும், அங்கே காபி போட்டிருப்பார்கள்.